நூற்றுக்கு நூற்றிரண்டு

எண்டியாட்
ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

ரோஸெல்லா எழுதுவது. காது எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. மரம் அறுக்கும் ஆலைக்குக் கொடுத்த காது திரும்பி வரவா போகிறது? முழங்கால் எப்படி? அண்ணி கிழங்கு தோண்டப் போனாளா, மலையில் இன்னும் பனியா? இங்கே நான் சுகம். ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. நாய்க்கு மட்டும் தும்மல்.

அணைக் குழுவில் நம் பழங்குடிச் சபை சார்பாக உன்னைப் போட்டதிலிருந்து ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். "படம் படமா காட்டுறாங்க, எல்லாப் படத்துலயும் ஒரு கோடு ஏறுது, இன்னொண்ணு இறங்குது" என்று நீ அண்ணியிடம் புலம்பியதைக் கேள்விப்பட்டுச் சிரித்தேன். நான் செய்கிற வேலையை மட்டும் சொல்கிறேன், அதிலேயே பாதி விளங்கிவிடும்.

பெல் ராக் அணைக்கு மேலே ஒரு கூட்டம் சால்மன் குஞ்சுகளை விடுகிறோம். அணைக்குக் கீழே இன்னொரு கூட்டம். எல்லாவற்றின் வயிற்றிலும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒலிக் கருவி. குஞ்சை மயக்கி, வயிற்றைக் கீறி, கருவியை உள்ளே வைத்துத் தைப்பது நானும் மாரிசெலும். ஆற்றில் வெகுதூரம் கீழே, கருவியின் சத்தத்தைக் கேட்கிற பெட்டிகளை முக்கிவைத்திருக்கிறார்கள். அதுவரை போய்ச் சேர்ந்த குஞ்சு பிழைத்த குஞ்சு. கீழே விட்டவை அணையைப் பார்த்ததே இல்லை. ஆகவே அவற்றில் சாவது ஆறும் பறவையும் செய்த வேலை. மேலே விட்டவற்றில் அதைவிட அதிகமாகச் சாவது அணை செய்த வேலை. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் அணையின் பங்கு தெரிந்துவிடும். இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை கோடும்.

இது எனக்குப் பதினோராவது வசந்தம். என் தையல் பிரிந்ததில்லை என்று டக் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். மேலதிகாரி புகழ்ந்தால் சம்பளம் ஏறாது என்றாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ரோஸெல்லா


நெஸ்பெலம்
ஏப்ரல் 28

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை பெய்யும்போதும் வலிக்கிறது, நின்ற பிறகும் வலிக்கிறது. அல்வீனா கிழங்கு தோண்டப் போய் ஒரு சாக்கு கொண்டுவந்தாள். உன் பங்கு எடுத்துவைத்திருக்கிறது. நாயின் தும்மல் நின்றதா?

நீ எழுதியது புரிந்தது. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசியும் புரியாதது ஒரு பத்தியில் புரிந்தது. ஆனால் புரிந்ததும்தான் பயம் வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது இது: மேலே விட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று அணையைத் தாண்டிப் பிழைத்தால் அணை தேறியது. தேறினால், வசந்தத்தில் குஞ்சுகள் தண்ணீரோடு வழிந்து கீழே போகும்படி மதகைத் திறந்துவைக்கிறார்களே, அதை மூடிவிடலாம். அந்தத் தண்ணீர் முழுக்க டர்பைனுக்குப் போகும், மின்சாரமாகும். பத்து வருடம் யாரும் கேள்வி கேட்க முடியாது, மறு கணக்கும் கிடையாது. மின்வாரியம், மாநிலம், மத்திய மீன் துறை, நாம் என்று எல்லோரும் சேர்ந்து ஒப்ப வேண்டும். ஒருவர் கை தூக்காவிட்டாலும் நடக்காது. நம் ஆட்கள் சார்பில் தூக்குகிற கை என்னுடையது. நினைத்தாலே தோள் கனக்கிறது.

சபையில் லாயிட் என்னைப் பார்த்து, "உன் தங்கச்சி அங்க தைக்குது, நீ இங்க கை தூக்குற. ஆறு என்னப்பா உங்க வீட்டுச் சொத்தா?" என்றான். "ஆமாடா, வாடகை குடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்ததாக நினைவில்லை.

அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் எழுதாதே, பத்துப் பேர் படிப்பார்கள். கடிதமே போடு.

அண்ணன்,
டெல்பர்ட்


எண்டியாட்
மே 20

அன்புள்ள அண்ணா,

நலமா? மழை நின்றிருக்கும், இனி வலிக்குக் காரணம் சொல்ல வழியில்லை உனக்கு. கிழங்கு வந்து சேர்ந்தது. அண்ணிக்கு ஆயிரம் முத்தம். நாய் தேறிவிட்டது. என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் மன்னித்துக்கொள், வண்டியில் போய்க்கொண்டே எழுதுகிறேன்.

வேலை பாதி முடிந்தது. இந்த வருடம் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். எப்போதும் நானும் மாரிசெலும் முறை வைத்துத் தைப்போம். ஒருநாள் எனக்குக் காலை, மறுநாள் அவளுக்கு. இப்போது காலை முழுக்க என்னுடையது. நான்தான் டக்கிடம் கேட்டேன். காலையில் குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது. "உனக்கு இல்லாததா ரோஸி, எடுத்துக்கோ" என்றான். காலையில் தைத்தவை அணைக்கு மேலே போகின்றன, மதியம் தைத்தவை கீழே போகின்றன. படகுக்காரருக்கும் சௌகரியம்.

மாரிசெல் ஒரு குறும்புக்காரி. நேற்று என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உன் மீனெல்லாம் கல்யாண வீட்டுல சாப்ட்டு வந்த மாதிரி இருக்கு. எனக்கு வர்றதெல்லாம் அனாதைப் பசங்க" என்றாள். எல்லாம் ஒரே தொட்டிதான் என்றேன். வலையில் எது வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும், பொறுக்கக் கூடாது என்பது விதி. செதில் உதிர்ந்திருந்தால் மட்டும் திரும்பத் தொட்டியில் விட்டுவிடலாம், ஆறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் பண்ணையிலிருந்து வரும் சின்னக் குஞ்சுகளில் செதில் நிறைய உதிர்ந்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. இந்த வருடத்து முதல் சால்மன் விருந்துக்கு ஊருக்கு வருகிறேன். எனக்கு வயிற்றுப் பக்கத் துண்டு எடுத்துவை.

ரோஸெல்லா


நெஸ்பெலம்
ஜூன் 25

அன்புத் தங்கச்சி,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? சேர்ந்ததும் இரண்டு வரி போடுவதாகச் சொன்னாய், வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். விருந்தில் மிஞ்சியதை அல்வீனா உலர்த்தக் கட்டியிருக்கிறாள், ஈ ஓட்டுவது என் உத்தியோகம்.

நீ சீக்கிரம் கிளம்பிவிட்டாய். கிழவன் எம்மெட்டின் பேச்சுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவன் உன் எதிரிலேயே, "உங்க அப்பன் நல்ல மனுஷன்தான், தண்ணி போடாத நேரத்துல" என்றான். நான் சண்டைக்குப் போயிருப்பேன், அல்வீனா சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கை நடுங்கும், அவ்வளவுதான். நடுங்குகிற கையோடு ஒரு செவ்விந்தியன் ஆலை வாசலில் நின்றால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்று கேட்கவே வேண்டாம். நம் ஆட்களும் அதையே நினைத்தார்கள் என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. வேலையை விட்டு நிறுத்தியபோதுகூட அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உனக்குக் காப்பி பாதிக் கோப்பைதான் ஊற்றினாள் என்று அண்ணியைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் சொன்னேன். காப்பித் தூள் விலை ஏறிவிட்டது.

பதில் போடு.

டெல்பர்ட்


எண்டியாட்
ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணா,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. நலம். நீங்கள் இருவரும் நலமா? காட்டுத் தீப் புகை உங்கள் பக்கம் வந்ததா? இங்கே சூரியனையே காணோம், தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கிறார்கள். நாய் கட்டிலுக்கு அடியைவிட்டு வருவதில்லை.

தைக்கிற வேலை முடிந்தது. இப்போது வலை கழுவுவது, கருவிப் பெட்டி துடைப்பது. ஒன்றும் எழுத இல்லை. அண்ணிக்கு அன்பு.

ரோஸெல்லா

எம்மெட்டை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.


நெஸ்பெலம்
செப்டம்பர் 30

தங்கச்சிக்கு,

சுகமா? நீ எழுதியது கடிதமா, தந்தியா? புகை போய்விட்டது. முதல் உறைபனி விழுந்தது. முழங்கால் தன் கடமையைத் தவறாமல் செய்கிறது.

ஒரு விஷயம். கணக்கு வந்துவிட்டது. குழு முன்னால் வைத்தார்கள். நான் தாளை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தேன், பிறகு தள்ளி வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த மத்திய மீன் துறைக்காரரின் தாளையும் எட்டிப் பார்த்தேன். அதிலும் அதேதான். பெல் ராக் அணையைத் தாண்டிப் பிழைத்த குஞ்சுகள் நூற்றுக்கு நூற்றிரண்டு.

நான் எழுந்து, "நூறு உள்ள போயி நூத்திரண்டு வெளிய வருதுன்னா, அணை என்ன முட்டையா போடுது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு விளக்கம். கீழே விட்ட கூட்டம் வழக்கத்தைவிட அதிகம் செத்திருக்கிறது, அதனால் வகுத்தால் இப்படி வருகிறதாம். அது ஏன் செத்தது? படகு வரும் நேரத்தைக் கடற்புறாக்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்கிறார் ஒருவர். வெறும் தற்செயல் என்கிறார் மாநிலத்து அம்மா. மின்வாரிய வக்கீல் கோப்லன் மட்டும், "எங்க அணையை மீனுக்குப் புடிச்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எப்படியானாலும் தொண்ணூற்று மூன்றுக்கு மேல், ஆகவே தேறியது. நவம்பர் பதினான்கு வாக்கெடுப்பு.

எனக்குத் தலை சுற்றுகிறது ரோஸெல்லா. வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். "எனக்குப் புரியல" என்பது காரணம் ஆகாதாம். பிடிக்காத கணக்கைத் தூக்கிப் போட முடியாது, முறையில் தப்பு இருந்தால் காட்டுங்கள் என்கிறார்கள். நீ அங்கேயே இருந்தவள். கடற்புறாவா? வேறு ஏதாவதா? இந்த மதகு மூடினால் பத்து வசந்தத்துக் குஞ்சுகள் டர்பைன் வழியாகத்தான் போக வேண்டும். உலர்த்தக் கட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

உனக்குத் தெரிந்ததை எழுது. தெரியாததையும் எழுது.

அண்ணன்


எண்டியாட்
அக்டோபர் 23

அன்புள்ள அண்ணா,

நலமே. உங்கள் நலனுக்கு வேண்டுகிறேன். ஆப்பிள் பறித்து முடித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பெட்டி கொடுத்தார், அண்ணிக்கு அனுப்புகிறேன். அடியில் இருப்பவற்றை முதலில் சாப்பிடுங்கள். நாய்க்கு ஒரு பல் விழுந்தது. வாசல் கதவுக்கு வண்ணம் பூசினேன், பச்சை. பூசியபின் பிடிக்கவில்லை.

கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடற்புறாக்கள் இருந்தது உண்மை. நிறைய இருந்தன. அதுவாகவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் தைக்கிறவள்தானே, வகுக்கிறவள் இல்லை. பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைவிட நன்றாகப் பிழைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதையும் நான் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாரிசெலுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என்னை மணமகள் தோழியாக நிற்கச் சொல்கிறாள். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டுமாம். வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பார் என்றேன். அழுதுவிட்டாள். நானும் வீட்டுக்கு வந்து அழுதேன், ஏனென்று நாய்க்குத்தான் தெரியும்.

கடிதம் நீண்டுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸெல்லா


எண்டியாட்
நவம்பர் 12

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது மனம் இல்லை. கூட்டம் நாளை மறுநாள். இது அதற்குள் உன் கைக்கு வருமா என்று அஞ்சல் அலுவலகத்தில் கேட்டேன். "வந்தாலும் வரும்" என்றான். உன்னிடம் தொலைபேசியில் சொல்ல முடியாது, உனக்குக் கேட்காது. அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன், வேகமாக.

என் கை நடுங்குகிறது. போன வருடம் இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. காலையில் குறைவு, மதியத்துக்கு மேல் அதிகம். அதனால்தான் டக்கிடம் காலை நேரத்தைக் கேட்டேன். பெரிய குஞ்சானால் சமாளித்துவிடுவேன். சின்னது கையில் வந்தால் வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இடமே இல்லை, ஊசி எங்கே போகுமோ என்று உடம்பெல்லாம் வியர்த்துவிடும். கொன்றுவிடுவேன் என்று பயந்து திரும்பத் தொட்டியில் விட்டேன். செதில் உதிர்ந்தது என்று சொல்லிக்கொண்டேன். சிலவற்றில் உதிர்ந்துமிருந்தது. பலவற்றில் இல்லை. அவையெல்லாம் மதியம் மாரிசெலிடம் போயின.

புரிகிறதா? மேலே விட்டவை எல்லாம் கொழுத்தவை. கீழே விட்டவை எல்லாம் சோனிகள். சோனிகள் செத்தன. அணை நல்ல பெயர் வாங்கிக்கொண்டது.

இதுதான் முழுக் காரணமா, கடற்புறாவுக்கும் பங்கு உண்டா, எனக்குத் தெரியாது. தினமும் ஒவ்வொரு மாதிரி நினைக்கிறேன். இன்று காலை டக்கிடம் சொல்லிவிட்டேன். "கணக்கு நல்லபடியா வந்திருக்கு ரோஸி. இப்பப் போயி எதுக்குக் கிளறணும்? நீ நாலு நாள் லீவு எடுத்துக்கோ" என்றான். கதவைச் சாத்தும்போது, "வேற ஏதாவது பழக்கம் இருந்தா சொல்லு, உதவி செய்ய ஆள் இருக்காங்க" என்றான். பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்றவன்.

நீ வேண்டாம் என்று சொல். காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்.

ரோஸெல்லா


நெஸ்பெலம்
நவம்பர் 14, மாலை

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் ஆப்பிள் வந்தது, அடியிலிருந்து ஆரம்பித்தோம். கணவாயில் பனி, இரண்டு நாளாகத் தபால் வண்டி வரவில்லை.

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். கை தூக்கிவிட்டேன். பெல் ராக் தேறியது.

நீ திட்டுவாய், திட்டு. உன் அக்டோபர் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பெரிய குஞ்சு, சின்னக் குஞ்சு, பூங்கொத்து பிடிக்க மாட்டேன் என்றது, மே மாதம் காலை நேரம் கேட்டது. எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரிகிறது. விருந்திலேயே பார்த்துவிட்டேன். நீ இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்த விதம் அப்படியே அப்பா.

முறையில் தப்பு இருக்கிறது என்று காட்ட எனக்கு வழி இருந்தது. எழுந்து உன் பெயரைச் சொன்னால் போதும். கோப்லன் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு ஆலை வாசலில் அப்பா நின்றதுதான் கண் முன்னால் வந்தது. உன்னையும் அப்படி நிற்கவைக்க என்னால் முடியவில்லை. லாயிட் இனி என் முகத்தில் முழிக்க மாட்டான். பரவாயில்லை. பத்து வருடத் தண்ணீரைக் கொடுத்துவிட்டேன், உன் வேலை பத்திரம். ஒரு வார்த்தை உன்னைப் பற்றிப் பேசவில்லை.

சரியா தப்பா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அல்வீனா என்னோடு பேசவில்லை.

நன்றாகச் சாப்பிடு.

டெல்பர்ட்


எண்டியாட்
நவம்பர் 21

அண்ணா,

என் கடிதம் இதற்குள் வந்திருக்கும். உன்னுடையது வந்தது. நடுவழியில் எங்கேயோ இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன.

எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதி முடியாது. என் வேலையைக் காப்பாற்றினாயா? எந்த வேலையை? அணை தேறிவிட்டது அண்ணா. தேறினால் பத்து வருடம் யாரும் குஞ்சு விட மாட்டார்கள், யாரும் தைக்க மாட்டார்கள். திங்கட்கிழமை டக் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டினான். "சாதிச்சுட்டோம்" என்றான். பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மாரிசெல் பாவம், கல்யாணத்துக்கு முந்தின வாரம். நீ வேண்டாம் என்றிருந்தால் அடுத்த வசந்தத்தில் திரும்பச் செய்தாக வேண்டும், ஆள் வேண்டும். என்னால் தைக்க முடியாவிட்டாலும் வலையாவது பிடித்திருப்பேன். ஒப்பந்தத்தை நீதானே எனக்கு எழுதி விளக்கினாய்? அது உனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஜூன் மாதமே தெரியுமாம். காப்பித் தூள் விலையாம்! ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும். அப்பா வாயை மூடிக்கொண்டு செத்தார், நான் வாயை மூடிக்கொண்டு தைத்தேன், நீ வாயை மூடிக்கொண்டு கை தூக்கினாய். நல்ல குடும்பம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவளோடு மட்டும்தான் எனக்குக் கோபமில்லை.

ரோஸெல்லா


நெஸ்பெலம்
டிசம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, கேட்கிறேன். உன் இரண்டு கடிதத்தையும் அல்வீனா சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டாள். நான் காப்பி குடிக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டுமாம். இப்போது பேசுகிறாள், அதாவது திட்டுகிறாள்.

நீ சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. தேறினால் ஆராய்ச்சி நிற்கும் என்று என் கைப்படவே குறித்துவைத்திருக்கிறேன். அந்த வரி மனதில் ஒரு மூலையில் இருந்தது, நீ வேறு மூலையில் இருந்தாய். இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

முதலில் சபைக்குப் போனேன். லாயிட்டிடம் நடந்ததைச் சொன்னேன், உன் கையைப் பற்றிச் சொல்லவில்லை, "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும். என் முகத்தில் முழிக்க மாட்டான் என்று நினைத்தேன். அவனே வண்டி ஓட்டிக்கொண்டு என்னோடு குழுவுக்கு வந்தான். அங்கே எழுந்து, என் கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தூக்கிய கையை இறக்க விதியில் இடமில்லை என்றார்கள். முறையில் தப்பு இருந்ததென்று புதிதாக யாராவது நிரூபித்தால் மட்டும் திரும்ப எடுக்கலாமாம். "இருக்கு" என்றேன். எங்கே என்றார்கள். மீனைத் தைத்தவர்களில் ஒருவர் பொறுக்கித் தைத்திருக்கிறார், காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றேன். மத்திய மீன் துறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாநிலத்து அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீன் நீளக் கணக்கை வரவழைத்தார். காலைக் குஞ்சும் மதியக் குஞ்சும் ஒரே நீளம் இல்லை. இருந்தாலும் கோப்லன் விடவில்லை. நீளம் தற்செயலாகவும் மாறும் என்றார். பிறகு கேட்டார்: "அந்தம்மா நேர்ல வந்து சொல்லுவாங்களா?"

எனக்கு அது தெளிவாகக் கேட்டது. "அவகிட்ட கேக்காம எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஆகவே கேட்கிறேன். இந்த ஜூனிலேயே கேட்டிருக்க வேண்டும். ஜனவரி ஒன்பதாம் தேதி கூட்டம். எவன் என்ன நினைப்பான் என்று எனக்கு உறுதி சொல்ல முடியாது. வந்தாலும் மதகு திறக்கும் என்று சொல்ல முடியாது. வரமாட்டேன் என்றால் அது உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன். வருவாயா?

டெல்பர்ட்


எண்டியாட்
டிசம்பர் 17

அன்புள்ள அண்ணா,

நான் நலமாக இல்லை. முதல் தடவையாக இப்படி எழுதுகிறேன், எழுதியதும் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. மருத்துவரிடம் போனேன். உயிருக்கு ஒன்றும் இல்லையாம், குடும்ப வழியில் வருவதாம், இதற்குப் பெயர்கூட இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லவே இல்லை என்று வண்டியில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

உன்மேல் கோபம் இன்னும் பாதி இருக்கிறது. மீதியை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

வருகிறேன். எட்டாம் தேதியே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மாரிசெலும் வருவாள். "அந்த அனாதைப் பசங்களுக்காக நானும் பேசுவேன்" என்கிறாள். அண்ணி என் பக்கத்தில் உட்காரட்டும். எவனாவது என் மூச்சை மோந்து பார்க்கிற மாதிரிக் குனிந்தால் அவள் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் எனக்கு எழுந்து நின்று பேச வராது. கோப்லன் மாதிரி ஆளுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ குழுவுக்கு எழுதி ஒரு ஏற்பாடு செய்யச் சொல். ஒரு வாளித் தண்ணீர், மயக்க மருந்து, ஊசி நூல், ஒரு கருவி, எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசை நடுவில். மதியத்துக்கு மேல் வைக்கச் சொல். நான் தைத்துக் காட்டுகிறேன். கோப்லன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

மீன் சின்னதாக இருக்கட்டும்.

உன் தங்கை,
ரோஸெல்லா